கறிவேப்பிலைச் செடியில் தொடங்குங்கள்: வீட்டைச் சுற்றியுள்ள பூச்சிகளை அறிய ஒரு வழிகாட்டி

கறிவேப்பிலை பறிக்கப் போகிறீர்கள். ஓர் இலையின் நடுவே காக்கை எச்சம் போட்டதுபோல் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கிறது. சரி, வேறு கொத்தைப் பறிக்கலாம் என்று கையை நகர்த்தும்போது அந்த எச்சம் மெல்லத் தலையைத் தூக்குகிறது. எங்கள் வீட்டில் பூச்சி பார்க்கும் பழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. "அம்மா, எச்சத்துக்கு வாய் இருக்கு!" என்று கத்தினாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. இந்த நான்கு வருடத்தில் பூச்சி பார்க்க என்று நாங்கள் எந்தக் காட்டுக்கும் போகவில்லை. மொட்டை மாடி, பால்கனி, தெருமுனையில் இருக்கும் காலிமனை, பாட்டி வீட்டுத் திண்ணை, இவ்வளவுதான். பூச்சிகளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் என் பதில் இதுதான்: பூச்சியைத் தேடி அலையாதீர்கள். ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள். பூச்சி அங்கே வரும்.

கால்களை எண்ணுங்கள்

நாம் ஊர்வது பறப்பது எல்லாவற்றையும் பூச்சி என்றுதான் சொல்கிறோம். முதல் வாரம் இதைப் பிரித்துப் பார்ப்பதே நல்ல விளையாட்டு. ஆறு கால்; தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி உடம்பு; தலையில் ஒரு ஜோடி உணர்கொம்பு. இவை இருந்தால் பூச்சி. எட்டுக் கால் என்றால் சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் குடும்பம். மரவட்டையும் பூரானும் வேறு வகை. மரவட்டைக்கு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால்கள், பூரானுக்கு ஒரு ஜோடி. மழை பெய்ததும் மண்ணில் சிவப்பு வெல்வெட்டுத் துணுக்குபோல் ஊர்ந்து வரும் தம்பலப்பூச்சியைப் பிடித்து எண்ணிப் பாருங்கள். எட்டுக் கால் இருக்கும். பெயரில் பூச்சி இருந்தாலும் அது சிலந்திக்குத்தான் சொந்தம்.

குழந்தைகள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: கம்பளிப்பூச்சிக்கு ஏன் இத்தனை கால்? தலைக்குப் பக்கத்தில் இருக்கும் கூரான ஆறுதான் அதன் உண்மையான கால்கள். பின்னால் கொழகொழவென்று இருப்பவை இலையைப் பற்றிக்கொள்ள உதவும் சதைப் பிடிப்புகள். அது பட்டாம்பூச்சியாகவோ அந்துப்பூச்சியாகவோ மாறும்போது அவை மறைந்துவிடும், முன்னால் உள்ள ஆறு மட்டும் மிஞ்சும்.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு கோடு போடாத நோட்டு, பென்சில், மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ். லென்ஸைப் பூச்சியின் மேல் பிடித்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, பூச்சி இருக்கும் இலையை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். இதைப் பழக ஒரு மாலை ஆகும்.

ஒரு செடி, ஒரு மாதம்

தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ இருந்தால் போதும். மூன்றாவது மாடி பால்கனியில் வைத்தாலும் தாய்ப் பட்டாம்பூச்சி தேடி வந்து முட்டை இடும். கால்களாலேயே இலையின் ருசியை அறியும் திறன் அதற்கு உண்டு. இலைமேல் படபடவென்று இறங்கி, தொட்டுப் பார்த்து, இது நம் செடிதான் என்று உறுதியானால் வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். இந்தச் செடிகளுக்கு வருபவை பெரும்பாலும் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும்.

தினமும் காலையில் இளந்தளிர்களைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் நிற உருண்டை ஒன்று தனியாக ஒட்டியிருந்தால் அது முட்டை. மூன்று நான்கு நாளில் புழு வெளியே வரும். வந்ததும் அது முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். அப்புறம்தான் இலை.

புழு நான்கு முறை தோலுரிக்கும். அதுவரை பறவை எச்சம் போன்ற வேஷம். நான்காவது முறை உரித்தபின் பளிச்சென்று பச்சையாக வந்து நிற்கும். பெரியதாகிவிட்ட பிறகு எச்சம் என்று யாரையும் ஏமாற்ற முடியாது, இலையோடு இலையாக இருப்பதுதான் பாதுகாப்பு. இந்தப் பச்சைப் புழுவை ஒரு புல்லால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குபோல் கவட்டையாக ஓர் உறுப்பு வெளியே வரும், கூடவே காட்டமான ஒரு வாடையும். எறும்பையும் குளவியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். ஒரு முறை செய்து பார்த்தால் போதும். குழந்தை பத்து முறை செய்யச் சொல்லும், நீங்கள் விடாதீர்கள்.

புழுவை வீட்டுக்குள் வைத்து வளர்க்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். புழு இருக்கும் கொத்தோடு ஒடித்து, சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும். எங்கள் முதல் புழு அப்படித்தான் போனது. பாட்டிலை ஒரு பெரிய டப்பாவுக்குள் வைத்து மேலே பழைய கொசுவலைத் துண்டைக் கட்டிவிடலாம். தினமும் புது இலை வையுங்கள், அடியில் சேரும் கறுப்பு உருண்டைகளைத் தட்டிக் கொட்டுங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலையை மட்டும் கொடுக்காதீர்கள். மருந்து அடித்த இலையாக இருந்தால் புழு ஒரே நாளில் சுருண்டுவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதும் ஒரு நாள் புழு தின்பதை நிறுத்திவிட்டு டப்பா முழுக்க அலையும். உடம்பு சரியில்லையோ என்று பயப்பட வேண்டாம், அது இடம் தேடுகிறது. உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். இரவோடு இரவாக அந்தக் குச்சியில் வால்நுனியைப் பட்டு நூலால் ஒட்டி, நடு உடம்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிச் சாய்ந்து நிற்கும். பனையேறி இடுப்பில் கயிறு போட்டுக்கொண்டு மரத்திலிருந்து சாய்ந்து நிற்பார் அல்லவா, அச்சு அசல் அதேதான். மறுநாள் தோலுரித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். சுற்றுப்புறத்துக்கு ஏற்ப அது பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து நாள் காத்திருக்க வேண்டும். கூட்டின் தோல் கறுத்து, உள்ளே இறக்கையின் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தால் மறுநாள் காலை வெளியே வந்துவிடும் என்று அர்த்தம். கசங்கிய துணிபோல் நனைந்த இறக்கையோடு வந்து குச்சியில் தொங்கும். இறக்கை விரிந்து காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை தொடக்கூடாது. கீழே ஒரு சொட்டு கலங்கிய நீர் விழும். அது இரத்தம் இல்லை, கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவு. காய்ந்ததும் வலையைத் திறந்துவிடுங்கள்.

எல்லாக் கூட்டிலிருந்தும் பட்டாம்பூச்சி வராது என்பதையும் குழந்தையிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். எங்கள் மூன்றாவது கூடு இரண்டு வாரம் ஆகியும் அப்படியே பழுப்பாக இருந்தது. ஒரு நாள் அதில் ஊசி குத்தியதுபோல் ஓர் ஓட்டை. டப்பா முழுக்கக் குட்டிக் குட்டியாக மினுங்கும் குளவிகள், ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சிறியது. தாய்க்குளவி கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் உள்ளிருந்தபடியே தின்று வளர்ந்திருக்கின்றன. மகள் அழுதாள். நான் அதை மறைக்கவில்லை. இந்தக் குளவிகள் இல்லாவிட்டால் ஒரு கறிவேப்பிலைச் செடியிலும் இலை மிஞ்சாது என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவளே லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் குளவிகளைப் பார்த்தாள்.

கறிவேப்பிலை பழகிவிட்டால் அடுத்து எருக்கு. காலிமனையில் தானாக வளர்ந்து நிற்கும். அதன் பாலில் நஞ்சு உண்டு, கண்ணில் படக்கூடாது. வெந்தய வரியன் என்ற செம்மஞ்சள் பட்டாம்பூச்சி இங்கேதான் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட அதன் புழு ஒளிந்துகொள்ளவே செய்யாது. எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். அதே செடியில் நீலமும் மஞ்சளுமாக ஒரு வெட்டுக்கிளியும், இலைக்கு அடியில் கூட்டம் கூட்டமாக, செடியின் சாற்றை உறிஞ்சும் மஞ்சள் நிறக் குட்டிப் பூச்சியான அசுவினியும் இருக்கும். அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும், அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும், பொறிவண்டை எறும்பு விரட்டும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு முழு நாடகம் பார்க்கலாம்.

இடம் இருப்பவர்கள் கிலுகிலுப்பைச் செடி ஒன்று வைத்துப் பாருங்கள். வரியன் வகைப் பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் அதன் வேதிப்பொருளுக்காக வாடிய தண்டிலும் காயிலும் கொத்தாக வந்து உட்காரும்.

எறும்புக்கு ஒரு சோதனை, குழியானைக்கு ஒரு சோதனை

செடி இல்லாத வீட்டிலும் எறும்பு உண்டு. கடிக்காத கறுப்பு எறும்பைப் பிள்ளையார் எறும்பு என்போம், சுருக்கென்று கடிப்பது சுள்ளெறும்பு, பெரிய கறுப்பன் கட்டெறும்பு. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு முசுறு. அந்தத் தையலுக்கான நூல் வளர்ந்த முசுறு எறும்பிடம் கிடையாது. தன் கூட்டத்துப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு, இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாறி மாறித் தொட வைக்கும். புழு விடும் பட்டு நூலில்தான் இலைகள் ஒட்டிக்கொள்கின்றன.

மூன்று சிறிய இலைகளில் ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் தேங்காய்த் துருவல், ஒன்றில் வேகவைத்த பருப்பு வைத்து எது முதலில் காலியாகிறது என்று குழந்தையை எழுதச் சொல்லுங்கள். வரிசை உருவானபின் அதன் குறுக்கே ஈர விரலால் ஒரு கோடு இழுங்கள். எறும்புகள் அந்த இடத்தில் நின்று தடுமாறும். வழியில் அவை விட்டுச் சென்ற வாசனை அழிந்துபோனதுதான் காரணம். சிறிது நேரத்தில் யாரோ ஒரு எறும்பு கடந்துவிடும், மற்றவை பின்தொடரும். "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை" என்ற பழமொழியை உங்கள் தெருவில் சோதிக்க விரும்பினால் தேதி போட்டுக் குறித்து வாருங்கள், மழை வந்த நாளையும் வராத நாளையும் சேர்த்து.

பாட்டி வீட்டுத் திண்ணைக்குக் கீழே, மழை படாத புழுதியில், புனல் புனலாகக் குழிகள் இருக்கும். அடியில் இருப்பது குழியானை, குழிநரி என்றும் சொல்வார்கள். ஒரு சின்ன மணலை விளிம்பிலிருந்து உருட்டிவிட்டால் கீழிருந்து மண்ணை வாரி வீசும். இரை என்று நினைத்து அதைக் குழிக்குள் சரித்துவிடப் பார்க்கிறது. கரண்டியால் மண்ணோடு அள்ளி, கொட்டாங்கச்சியில் சலித்த காய்ந்த மணல் போட்டு விட்டால் பின்பக்கமாகவே நகர்ந்து சுற்றிச் சுற்றிப் புதுக் குழி தோண்டும். குழந்தைகள் வாய்பிளந்து கேட்கும் செய்தி ஒன்று: இந்தப் புழுவுக்குக் கழிவு வெளியேற வழியே கிடையாது. வளர்ந்து இறக்கை முளைக்கும்வரை எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருக்கும். இறக்கை முளைத்தபின் பார்க்க ஊசித்தட்டான்போல இருக்கும், இரவில் விளக்கைத் தேடி வரும்.

தட்டானைப் பற்றி ஒரு வார்த்தை. வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்த தலைமுறை நாம். தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்து இலை போட்டு வளர்த்ததும் நாம்தான். அந்த ஆசை எனக்கும் புரியும், ஆனால் அதை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம். தட்டானின் குஞ்சு குளத்து நீரில் வளர்ந்து கொசுப்புழுவைத் தின்கிறது, இறக்கை வந்தபின் கொசுவையே தின்கிறது. மழைக்காலத்தில் கூட்டமாக நம் தலைக்குமேல் சுற்றும் மஞ்சள் நிறத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கொசுவையும் பாருங்கள்

பிடிக்காத பூச்சியையும் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். பூந்தொட்டித் தட்டிலோ பழைய டயரிலோ தேங்கிய தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து, வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். தலைகீழாகத் தொங்கி, வால்குழலை நீர்மட்டத்துக்கு நீட்டி மூச்சு வாங்கும் புழுக்கள் தெரியும். பாட்டிலின்மேல் நிழல் விழுந்தால் எல்லாம் நெளிந்துகொண்டு கீழே ஓடும். முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் ஏழெட்டு நாள் போதும். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டித் தேய்க்கச் சொல்வது ஏன் என்று குழந்தைக்கு அப்போது விளங்கும். தேய்க்கவும் வேண்டும், ஏனென்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடிப்பது பெண் கொசு மட்டும்தான். கொசு உடம்பில் மலேரியாக் கிருமியைப் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கண்டது 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில். பார்த்து முடித்ததும் பாட்டில் தண்ணீரைக் காய்ந்த தரையில் ஊற்றிவிடுங்கள். இந்த வேலை பெரியவர்களுடையது.

இரவில் ஒரு வேட்டி

மழை பெய்து ஓய்ந்த இரவு, அமாவாசையை ஒட்டி அமைந்தால் இன்னும் நல்லது. மொட்டை மாடிக் கொடியில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு அதன்முன் வெள்ளை விளக்கு ஒன்றைப் போடுங்கள். மஞ்சள் பல்புக்கு அவ்வளவாக வராது. ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் வேட்டி நிறைந்துவிடும்: அந்துப்பூச்சி, பாச்சை, சாணிவண்டு, சில நாள் கும்பிடுபூச்சியும். மழைக்காலத்தின் முதல் மழைகளுக்குப் பிறகு ஈசல் வந்து குவிந்தால் வேறு எதையும் பார்க்க முடியாது. அன்றைக்கு ஈசலையே பாருங்கள். புது ராஜ்யம் தேடிப் பறக்கும் கரையான்தான் அது. தரையில் இறங்கியதும் இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

அந்துப்பூச்சியையும் பட்டாம்பூச்சியையும் பிரித்தறிய உணர்கொம்பைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு நுனியில் குமிழ் இருக்கும். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும். பத்து மணிக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள், அவை தம் வேலையைப் பார்க்கப் போகட்டும்.

கையை எங்கே வைக்கக்கூடாது

உரோமம் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொட வேண்டாம். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தால் உரோமம் வந்துவிடும். விளக்கடியில் கறுப்பும் செம்மஞ்சளுமாக மெல்லிய ஒரு சிறு வண்டு கழுத்தில் ஊர்ந்தால் அடித்து நசுக்காதீர்கள். ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். நசுங்கினால் அதன் உடம்பு நீர் பட்ட இடம் தீப்பட்டதுபோல் வெந்துவிடும். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். கதண்டு என்ற பெரிய குளவியின் கூட்டுக்கும் மலைத்தேனீக் கூட்டுக்கும் கிட்டவே போகக்கூடாது, இதில் விவாதமே கிடையாது.

பிடித்துக் குண்டூசி குத்திப் பெட்டியில் வைப்பதும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் பட்டாம்பூச்சிகளும் உண்டு. படம் எடுத்தால் போதும்.

பெயர் தெரிந்துகொள்ள

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அது உட்கார்ந்திருந்த செடியோடு ஒன்று என மூன்று படம் எடுங்கள். செடி தெரிந்தாலே பாதிப் பெயர் தெரிந்த மாதிரி. சீக் என்ற செயலி கேமராவைக் காட்டினால் பெயர் சொல்லும், குழந்தைக்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை. ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படத்தைப் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். செயலி சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், அது சொன்ன பூச்சி அந்தச் செடியில் இருக்கக்கூடியதுதானா என்று கேட்டுப் பாருங்கள்.

விடுமுறையில் போக இரண்டு இடங்கள் சொல்வேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம், திருச்சியில் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2019-இல் தமிழ்நாடு தனக்கென்று ஒரு பட்டாம்பூச்சியை அறிவித்ததும், அதன் பெயர் தமிழ் மறவன் என்பதும் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அது மலைக்காட்டுப் பூச்சி, பால்கனிக்கு வராது.

நோட்டில் தேதி, நேரம், செடி, அது என்ன செய்துகொண்டிருந்தது, இந்த நான்கையும் எழுதுங்கள். பெயர் கடைசியில் வரட்டும், வராமலும் போகட்டும். எங்கள் நோட்டில் இதுவரை 43 பூச்சிகள் இருக்கின்றன. அதில் பதினொன்றுக்குப் பெயர் தெரியாது. மகள் அவற்றுக்குத் தானே பெயர் வைத்திருக்கிறாள். போன வாரம் எழுதியது இப்படி: "சமையலறை ஜன்னல், சாயங்காலம் 6:10, பச்சை, மீசை உடம்பைவிட நீளம், கண்ணாடியில் வழுக்கவில்லை. பெயர்: ஜன்னல் மாமா."